பாட்டும் பந்தியும்

(வாலாஜாபேட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பல பண்பாட்டு மக்கள் ஒன்றாகக் கூடும் திருச்சபையில் வழிபாடும் வாழ்வும் எப்படி இருக்கும் என்று பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் பலருக்கு லண்டனோ டொரன்டோவோதான் நினைவுக்கு வரும். ஒரே கோயிலில் கறுப்பரும் வெள்ளையரும் கொரியரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடும் படங்களைக் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். வாலாஜாபேட்டையில் நின்றுகொண்டு இதைப் பேச அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இந்த ஊரையே பாருங்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். நெசவுத் தெருவில் சௌராஷ்டிரம், கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும், பள்ளிவாசல் பக்கம் போனால் உருது. 1856 ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடுக்குத்தான் வந்தது. அதற்கு முன்பே இங்கே குடியேறி வாழ்ந்தவர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். தியாகராஜ சுவாமிகளின் சீடர். வீட்டில் பேசியது சௌராஷ்டிரம், பாடியது தெலுங்குக் கீர்த்தனை, சுற்றிலும் தமிழ். தியாகராஜரின் கீர்த்தனைகள் இன்று நமக்குக் கிடைப்பதில் பெரும் பங்கு அவரும் அவர் குடும்பத்தாரும் எழுதிவைத்த ஏடுகளுக்கு உண்டு. ஒரு மொழிக்காரர் இன்னொரு மொழியில் சாமி கும்பிட்டால் பக்தி குறைந்துவிடும் என்று இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை.

ஆகவே பல மொழி, பல பாட்டு என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல, பெரிய கஷ்டமும் அல்ல. கஷ்டம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பாட்டு முடிந்து பந்தி போடும்போது யார் யாரோடு உட்காருகிறார்கள், சமைத்தது யார், காணிக்கைக் கணக்கு யார் கையில், கல்லறையில் யாருக்கு எந்த மூலை என்று கேட்டால்தான் ஒரு சபையின் நிஜமான முகம் தெரியும். கடந்த இருநூறு ஆண்டுத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் இதற்கு நல்ல சாட்சிகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை இன்று அழைத்துப் பேச வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

முதலில் தஞ்சாவூர். வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) பெயரைக் கேள்விப்படாத தமிழ்ச் சபை கிடையாது. ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். அதே சுவார்ட்ஸிடம் படித்த இன்னொரு மாணவர் பிற்காலத்தில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி. தியாகராஜர் திருவையாற்றில் பாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே காவிரிக்கரை நாட்டில், சாஸ்திரியார் இயேசுவைத் தமிழ் ராகத்தில் பாடினார். ஜெர்மானிய மெட்டில் தமிழ் வார்த்தையை மடக்கி மடக்கி அடைத்த ஞானப்பாட்டுகளுக்கு நடுவே அவருடைய கீர்த்தனைகள் மக்கள் வாயில் தாமாக உட்கார்ந்தன. 1853-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியாரின் உதவியோடுதான் செய்தார். இன்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கையில் எடுக்கும் கீர்த்தனைப் புத்தகத்தின் மூதாதை அது.

இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டுவது வழக்கம். மிச்சக் கதையையும் சொல்ல வேண்டும்.

1820-களின் இறுதியில் தஞ்சைக்குப் புதிய மிஷனரிகள் வந்தார்கள். பழைய ஏற்பாடுகள் பலவற்றை மாற்றினார்கள். சாஸ்திரியார் கொதித்துப்போய் எழுதினார். தம் மக்களுக்கு இழைக்கப்பட்ட நான்கு கொடுமைகள் என்று பட்டியல் போட்டார். தமிழ் வேதாகமத்தைத் திருத்துகிறார்கள். பண்டிகையிலும் கல்யாணத்திலும் பூவும் அலங்காரமும் கூடாது என்கிறார்கள். தமிழ்ப் பாட்டைக் கோயிலில் தடுக்கிறார்கள். இந்த மூன்றையும் படிக்கும்போது நமக்கு இரத்தம் சூடாகிறது, ஐயா நியாயம் கேட்கிறார் என்று தோன்றுகிறது. நான்காவது குற்றச்சாட்டு என்ன தெரியுமா? எல்லாச் சாதியாரையும் கட்டாயமாக ஒன்றாக உட்கார வைக்கிறார்கள் என்பது.

அதுவும் அதே பட்டியலில், அதே கோபத்தோடு. தமிழ் இசையைக் காப்பாற்றிய அதே கை தனித்தனிப் பாயையும் காப்பாற்றப் பார்த்தது. அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு அந்த நான்கும் ஒன்றுதான்: எங்கள் வழக்கம். நம்மில் யாராவது 'இது எங்கள் கலாச்சாரம்' என்று சபையில் எழுந்து பேசினால், எனக்கு உடனே சாஸ்திரியாரின் அந்தப் பட்டியல் ஞாபகம் வரும். பட்டியலில் பூ இருக்கிறதா, பாய் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மிஷனரிகள் பக்கம் மட்டும் எல்லாம் சரியாக இருந்ததா? அதுவும் இல்லை. பாயை எடுக்க வந்தவர்கள் பூவையும் சேர்த்து எடுத்தார்கள். சாதியை ஒழிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு தங்கள் ஊர் ஆர்மோனியத்தையும் தங்கள் ஊர் பெஞ்சையும் உள்ளே கொண்டுவந்து, இதுதான் கிறிஸ்தவம் என்றார்கள். அவர்கள் வழக்கம் அவர்கள் கண்ணுக்கு வழக்கமாகவே தெரியவில்லை, விசுவாசமாகத் தெரிந்தது.

1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடச் சம்மதிக்காதவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்று. லைப்சிக் லுத்தரன் மிஷனார் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, மற்றப் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் மிஷன்கள் ஒத்துக்கொண்டன. விசுவாசப் பிரமாணத்தை ஒப்பிக்கச் சொல்வது எளிது. பந்தியில் உட்காரச் சொன்னார்கள் பாருங்கள், அதுதான் தமிழ்நாட்டை நன்றாகத் தெரிந்துகொண்டவர்கள் வைக்கக்கூடிய பரீட்சை. ஆனால் இதே மிஷனரிகளில் எத்தனை பேர் தங்கள் பங்களா மேஜையில் உபதேசியாரை உட்கார வைத்துச் சாப்பிட்டார்கள் என்று அன்று யாரும் பரீட்சை வைக்கவில்லை. அந்தக் கேள்வியை வெளிப்படையாகக் கேட்க அறுபது ஆண்டு ஆயிற்று. 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் தமிழ்க் குருவானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா கேட்டார். மிஷனரிகளின் தியாகத்தை எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, அவர்களுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றி அந்தச் சபையிலேயே பேசி, எங்களுக்குத் தேவை சிநேகம் என்று முடித்தார். கேட்டவர்கள் பலருக்கு முகம் சுருங்கியது என்பார்கள்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். ஆற்காட்டு மிஷன் 1853-இல் தொடங்கியது. ஸ்கடர் சகோதரர்களின் மிஷன். அவர்கள் தகப்பனார் ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனரி. மகன்கள் ஏழு பேர் இந்தியாவில் மிஷனரிகளாக இருந்தார்கள். அமெரிக்காவின் சீர்திருத்தச் சபை, அதாவது டச்சுக்காரர்கள் வழிவந்த சபை அனுப்பிய மிஷன் இது. ஒரு விஷயத்தில் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார்கள். ஆங்கிலப் பள்ளி கட்டி மேல்சாதிப் பிள்ளைகளைப் பிடிப்பது எங்கள் வேலையல்ல, ஊர் ஊராகப் போய் ஜனங்கள் பேசும் பாஷையில் பேசுவதே வேலை என்று ஆரம்பத்தில் பிடிவாதமாக இருந்தார்கள். பிற்பாடு பள்ளியும் கல்லூரியும் வந்தன. வேலூர் ஊரிஸ் கல்லூரி அவர்கள் வைத்த செடிதான். இராணிப்பேட்டையில் 1866-இல் தொடங்கிய மருத்துவமனை இன்னும் இருக்கிறது. பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் பிறந்ததும் இதே இராணிப்பேட்டையில், 1870 டிசம்பரில்.

அந்த மிஷனின் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் யார்? நாம் அறிந்ததே. பெரும்பாலும் ஊருக்கு வெளியே சேரியில் குடியிருந்தவர்கள், குடும்பம் குடும்பமாக, சில ஊர்களில் சேரி மொத்தமாக வந்தார்கள். வட ஆற்காட்டுத் திருச்சபையின் முதுகெலும்பு அவர்கள்தான். இதே மக்களில் பலரை இன்னொரு பக்கம் தோல் தொழில் இழுத்துக்கொண்டது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் தோல் மண்டிகளின் முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம்கள். சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்கள் பெரும்பாலும் தலித்துகள். ஞாயிறு காலை வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலுக்கு வருகிறவர் திங்கள் காலை தொட்டியில் இறங்குவார். பெரியவர்களைக் கேளுங்கள், சபைக்கு வெளியே அவர்களை மனிதராக நடத்திய இடங்களில் சில இஸ்லாமியர் வீட்டுத் திண்ணைகளும் உண்டு என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்கும் ரம்ஜானுக்கு அந்தத் தெருவிலிருந்து இந்தத் தெருவுக்கும் போகும் பிரியாணித் தூக்குகளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையை இங்கே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன், முழுதாகப் பேசினால் தனிக்கூட்டம் வேண்டும். பட்டியல் சாதி உரிமை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றார்கள், 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. அதனால் நம் சபைகளில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, சான்றிதழ்ப் பெயர் ஒன்று என்று இரண்டு பெயரோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பல பண்பாடு என்று வெளியூர்க்காரரைத் தேடும் முன், பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர் எத்தனை அடையாளங்களைச் சுமந்துகொண்டு வருகிறார் என்று பார்ப்பது நல்லது.

இனி, இன்று நான் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளப் போகும் இடத்துக்கு வருகிறேன். இங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், திருப்பத்தூர். 1921-இல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கியது. இந்தியாவின் புராட்டஸ்டண்ட் ஆசிரமங்களில் முதலாவது என்று சொல்லப்படுவது. தொடங்கியவர்கள் இரண்டு மருத்துவர்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் இயேசுதாசன். இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். பேட்டனின் குடும்பம் கம்பளி நூல் ஆலைகள் வைத்திருந்த பெரிய பணக்காரக் குடும்பம். பிரிட்டனில் சிநேகிதர்களானவர்கள் இந்தியா வந்து பூனாவில் மிஷன் மருத்துவமனையில் சேர்ந்து வேலை பார்த்தார்கள்.

அன்றைய மிஷன் அமைப்பு எப்படி என்றால், வெளிநாட்டிலிருந்து வந்தவர் மிஷனரி, இங்கே பிறந்தவர் உதவியாளர். படிப்பு ஒன்றாக இருக்கலாம், கத்தி பிடிக்கும் கை ஒன்றாக இருக்கலாம், சம்பளமும் வீடும் முடிவெடுக்கும் அதிகாரமும் ஒன்றல்ல. இரண்டு சிநேகிதர்கள் அதற்குள் எத்தனை நாள் சிநேகிதர்களாக இருக்க முடியும்? வெளியே வந்தார்கள். சம்பளமே இல்லாத, ஒரே பணப்பையில் வாழ்கிற ஓர் இடத்தைக் கட்டினார்கள். திருமணம் செய்துகொள்வதில்லை, கதர் உடுத்துவது, சைவச் சாப்பாடு, தரையில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்பது. பேட்டனின் குடும்பச் சொத்து ஆசிரமத்துக்குப் பயன்பட்டது. ஆனால் ஆசிரமத்தில் மூத்தவர் இயேசுதாசன். ஊர் ஜனங்கள் அவரைப் பெரியண்ணன் என்றார்கள், பேட்டனைச் சின்னண்ணன் என்றார்கள். யோசித்துப் பாருங்கள், 1920-களில், வெள்ளைக்காரக் கலெக்டர் ஆளும் வட ஆற்காட்டில், ஒரு வெள்ளைக்காரப் பணக்காரர் சின்னண்ணன். ஆட்சியும் பணமும் தம் பக்கம் இருந்தபோதே இரண்டாம் இடத்தை விரும்பி எடுத்துக்கொண்டார். ஒரு பண்பாடு இன்னொரு பண்பாட்டுக்கு இடம் விடுவது என்றால் அது இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பேச்சில் எத்தனை மரியாதை கொடுத்தாலும், நாற்காலி மாறாத வரைக்கும் ஒன்றும் மாறியதாக அர்த்தமில்லை.

அவர்கள் கட்டிய ஜெபாலயத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். 1930-களின் தொடக்கத்தில் எழும்பிய கட்டடம், திராவிடக் கோயில் பாணி. கோபுரமும் தூண் மண்டபமும் உண்டு. பெஞ்சு கிடையாது, தரையில் உட்காருவார்கள். கூர்முனைக் கோத்திக் ஜன்னல்தான் கிறிஸ்தவக் கட்டடம் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும்.

இதற்கு ஒரு மறுபேச்சும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தலித் இறையியலாளர்கள் பிற்காலத்தில் கேட்டார்கள்: எந்தக் கோயிலுக்குள் எங்கள் பாட்டன் பூட்டனை விடவில்லையோ அந்தக் கோயிலின் கோபுரத்தையே எங்களுக்குப் பண்பாடு என்று திருப்பித் தருகிறீர்களா? கர்நாடக ராகமும் சமஸ்கிருதச் சொல்லும் சைவச் சாப்பாடும் யாருடைய பண்பாடு? கனமான கேள்வி. ஜெபாலயத்தின் அழகை ரசிக்கிற நானும் அந்தக் கேள்விக்கு முன்னால் வாய் திறக்காமல் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் கட்டடத்தை வைத்து மட்டும் அந்த ஆசிரமத்தை அளக்கக் கூடாது என்பது என் கட்சி. அங்கே சாப்பாட்டு வரிசையில் சாதி கிடையாது, அவர்களின் மருத்துவமனை ஏழைகளுக்குத் திறந்திருந்தது, பேட்டன் கதரோடு நின்றுவிடவும் இல்லை. 1932-இல் சென்னையில் அந்நியத் துணிக் கடை மறியல் நடந்துகொண்டிருந்தது. கதர் உடுத்திய வெள்ளைக்காரர் ஒருவர் அங்கே நிற்பதைப் போலீஸ் பார்த்தது. தடியால் அடித்தார்கள், சாயத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை கேள்வி போயிற்று. உடுப்பை மாற்றிக்கொண்டவர்கள் அன்றும் நிறையப் பேர். அந்த உடுப்புக்கு உரிய அடியையும் வாங்கிக்கொண்டவர்கள் குறைவு.

இன்னொரு சாட்சி, நம்மில் பலர் அங்கம் வகிக்கும் தென்னிந்தியத் திருச்சபை. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய முப்பத்து மூன்று பேர் தொடங்கிவைத்த பேச்சு 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் முடிந்தது. அந்தப் பேச்சுக்கு உயிர் கொடுத்த அசரியா அதைப் பார்க்க இல்லை, 1945-இல் இறந்துவிட்டார். ஆங்கிலிக்கரும், மெதடிஸ்டும், 1908-லேயே ஒன்றாகியிருந்த பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகளும் ஒன்றாயின. நம் ஆற்காட்டு மிஷன் சபைகள் கடைசியாகச் சொன்ன அந்த அணியில் இருந்தன. பேராயர் என்றாலே முகம் சுளித்த பரம்பரை, பேராயரை ஏற்றுக்கொண்டது. பேராயர் கைவைக்காத குரு குருவே அல்ல என்ற பரம்பரை, அவர் கைவைக்காத போதகர்களை மறுபடி அபிஷேகம் செய்யாமல் அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒவ்வொருவரும் தங்களுக்கு ரொம்ப அருமையான ஒன்றைக் கொடுத்தார்கள். நாடு இரண்டாகப் பிரிந்து ஆறு வாரம் ஆகியிருந்த சமயம் அது.

வழிபாட்டில் அது என்ன செய்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1950-இல் புதிய திருவிருந்து ஒழுங்கு ஒன்றை எழுதினார்கள். அதில் சமாதானம் கொடுக்கும் சடங்கை வைத்தார்கள். மேஜையிலிருந்து புறப்பட்டு, இரு கைகளுக்கு நடுவே இரு கைகளை வைத்து, வரிசை வரிசையாகக் கடைசிப் பெஞ்சு வரை போகும் சமாதானம். இது இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரவில்லை, கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. பிறகு உலகத்தின் பல சபைகள் தங்கள் ஒழுங்கைத் திருத்தும்போது நம் ஒழுங்கைப் பார்த்து எடுத்துக்கொண்டன. பக்கத்து மாநிலத்துப் பழைய வழக்கம் நம் சபை வழியாக உலகத்துக்குப் போனது. நாம்தான் அதை அவசரமாக ஒரு கைகுலுக்கலாக, தெரிந்தவர் முகம் பார்த்துச் சிரிப்பதாகச் சுருக்கிவிட்டோம். தொட்டுக் கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தவர்கள் எந்த நாட்டுக்காக எழுதினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கை எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

ஒன்றிப்பு எல்லோரையும் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆம்பூரில் அமெரிக்க மிசௌரி லுத்தரன் மிஷன் வழிவந்த சபை தனியாகவே இருக்கிறது. கத்தோலிக்கர் தனி. தெருமுனையில் புதுசாக எழும்பும் பெந்தெகொஸ்தே கூடங்கள் தனி. கல்யாணத்துக்கும் சாவுக்கும் எல்லோரும் ஒன்றாக வருகிறோம், அதில் குறை சொல்ல முடியாது.

இன்னொரு சாட்சிக்காக மதுரைக்குப் போகிறேன். அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர் தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்று அறியப்பட்டவர், 2005-இல் மறைந்தார். கீர்த்தனையும் வேண்டாம் ஞானப்பாட்டும் வேண்டாம், கிராமத்து ஜனங்களின் கும்மியும் ஒப்பாரியும் பறையும் கோயிலுக்குள் வரட்டும் என்றார். பறை சாவு மேளம், அடிமைத்தனத்தின் அடையாளம் என்று பல தலித் கிறிஸ்தவர்களே அதை எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்ப்பிலும் நியாயம் இருந்தது, அதை அடித்த கைக்கு அல்லவா அதன் வலி தெரியும். அப்பாவு பாட்டோடு நிற்கவில்லை. ஒரே உலை என்றார். ஒவ்வொரு வீட்டு அரிசியும் ஒரே உலையில் வெந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதுதான் திருவிருந்தின் முழு அர்த்தம் என்று கற்றுக்கொடுத்தார், செய்தும் காட்டினார். 1850-இல் மிஷனரிகள் பரீட்சையாக வைத்த சாப்பாடு, நூற்றைம்பது ஆண்டு கழித்து ஒடுக்கப்பட்டவர்களின் வாயிலிருந்து விருந்து அழைப்பாகத் திரும்பி வந்தது.

இன்றைக்கு வருவோம். வேலூர் காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள். கடைப் பலகைகள் வங்காளத்தில் இருக்கின்றன, மீன் குழம்பு சோறு கிடைக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வருகிறவர்கள் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் தங்குகிறார்கள். 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய இடம் அது. இந்தப் பக்கம் இராணிப்பேட்டை சிப்காட்டில், ஆம்பூர் ஷூ கம்பெனிகளில், ஒடிசாப் பையன்களும் பீகார்ப் பையன்களும் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் சோட்டா நாக்பூர் முண்டா, ஒராவோன், கரியா குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் நம்மைப் போலவே நாலைந்து தலைமுறைக் கிறிஸ்தவர்களாக இருக்கலாம். கோஸ்னர் மிஷன் அங்கே போனது 1845-இல், நம் ஆற்காட்டு மிஷனுக்கும் முன்னால். அவர்களுக்கும் ஆராதனை உண்டு, சாத்ரி மொழியில் பாட்டு உண்டு, மாந்தர் மேளம் உண்டு. மிசோரத்திலிருந்து வருகிறவர்களைக் கேட்டால், குவாங் என்ற முரசைச் சொல்வார்கள். ஆரம்ப மிஷனரிகள் காலத்தில் கோயிலுக்கு வெளியே நின்ற முரசு, எழுப்புதல் கூட்டங்கள் வழியாக உள்ளே வந்தது. இன்று அது இல்லாமல் அவர்கள் பாடுவதே இல்லை. நம் பறைக்காரர்கள் அவர்களோடு ஒரு மாலை உட்கார்ந்தால் பேச எவ்வளவோ இருக்கும்.

இப்படி ஒரு பையன் நம் கோயிலுக்கு வந்தால் என்ன நடக்கும்? கடைசிப் பெஞ்சில் உட்காருவான். அருளுரை புரியாது. திருவிருந்துக்கு வரலாமா என்று தயங்குவான். வெளியே வந்ததும் நம்மவர் ஒருவர் ஆங்கிலத்தில் பேரைக் கேட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுப்பார். அடுத்த வாரம் அவன் வரமாட்டான்.

பல நகரத்துச் சபைகள் இதற்குக் கண்டுபிடித்த வழி, வருஷத்துக்கு ஒரு பன்மொழி ஞாயிறு. ஆளுக்கு ஒரு மொழியில் ஒரு பாட்டு, பாரம்பரிய உடை, புகைப்படம். நான் அதைக் கேலி செய்யவில்லை, பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அன்று முழுக்க வெளியூர்க்காரர் நமக்கு நிகழ்ச்சி நடத்துகிறார், நாம் பார்வையாளர். அடுத்த ஞாயிறு எல்லாம் பழையபடி.

மொழிவாரியாகத் தனித்தனி ஆராதனை வைக்கலாமா, எல்லோரும் ஒரே ஆராதனையில்தான் இருக்க வேண்டுமா என்று கூட்டத்துக்கு முன்பே ஒருவர் கேட்டார். என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஜெபத்துக்கும் துக்கத்துக்கும் தாய்மொழி வேண்டும். அப்பா செத்துப்போன செய்தி வந்த இரவில் யாரும் இரண்டாம் மொழியில் அழுவதில்லை. ஆகவே அவர்களுக்குத் தனியாக ஒரு நேரமும் அறையும் கொடுங்கள், அறைச் சாவியையும் கொடுங்கள். சாவியைத் தராமல் ஒவ்வொரு முறையும் கோயில்பிள்ளையைக் கெஞ்ச வைக்கிற இடத்தில் விருந்தாளிதான் இருப்பார், சபையார் இருக்கமாட்டார். ஆனால் திருவிருந்து ஒன்றாக இருக்கட்டும். வேதபாடம் ஒன்றை அவர்கள் மொழியில் வாசிக்கட்டும், நாம் தமிழ் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்போம். புரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நமக்கும் ஐந்து நிமிஷம் தெரியட்டும்.

அன்பின் விருந்தில் அவர்களைப் பந்தியில் உட்கார வைப்பதோடு விடாதீர்கள், அடுப்படிக்கு அழையுங்கள். கடுகு எண்ணெய் வாசனைக்கு முதலில் மூக்கைச் சுளிப்போம், பரவாயில்லை, நம் கருவாட்டுக்கு அவர்களும் சுளிப்பார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அவர்கள் கொண்டுவரும் பொருளையும் மேஜையில் வையுங்கள். வெளியூரில் வேலை பார்க்கிறவர் இங்கே திடீரென்று இறந்தால், உடலை ஊருக்கு அனுப்பப் பணம் இல்லாவிட்டால், நம் கல்லறையில் இடம் உண்டா, உண்டென்றால் எந்தப் பக்கம் என்பதை இப்போதே பேசி எழுதிவையுங்கள். சாவு நடந்த அன்று பேசினால் சண்டைதான் வரும்.

கடைசியாக, சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டி. சபைப் பட்டியலில் பெயர் இருந்து, சந்தா கட்டியவர்களுக்குத்தான் ஓட்டு. விதி நல்ல விதிதான். ஆனால் ஆறு வருஷமாக இங்கே வந்துகொண்டிருந்தும் ஊர்ச் சபையில் பெயர் இருப்பதால் இங்கே பட்டியலில் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக விதியைத் தளர்த்த முடியாவிட்டாலும், அவர்களில் இரண்டு பேரைக் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார வைத்து, கணக்கு வாசிக்கும்போது கேள்வி கேட்கும் உரிமையையாவது கொடுக்க முடியும். இதற்கு எந்த அனுமதி வேண்டும், யாரிடம் எழுத வேண்டும் என்பது இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் செயலாளர் ஐயாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கேள்வி நேரத்தில் முதல் கேள்வியை அவரிடமே கேளுங்கள்.